சிவப்பு நூல் கட்டிய பழம்

என் அக்காவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்குச் சீத்தாப்பழத்திலிருந்துதான் ஆரம்பிக்க வரும். அவளைத் தனியாகவும் பழத்தைத் தனியாகவும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்களுக்கு அவசரம் என்றால் இப்போதே எழுந்து போய்விடுங்கள், நடுவில் குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அக்கா தையல் கடையில் காஜா எடுப்பவள். சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூலால் கட்டுகிறார்களே, அதுதான் காஜா. ஒரு நாளைக்கு அறுபது எடுப்பாள். ஆர்டர் அதிகமாக இருந்தால் சட்டைகளை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவாள். தெருவில் அவளுக்குக் காஜாக்கா என்றே பெயர், சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. கீழ் வீட்டில் அவள், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். பிள்ளைகுட்டி அவளுக்கு இல்லை. எப்படி இருக்கும்? கல்யாணமான எட்டாவது மாதம் மாமா வேலைக்கென்று தூரதேசம் போய்விட்டார். ஒரு பெரிய காகித ஆலையில் பாய்லர் பார்க்கிற வேலை. ஆறு ஆண்கள் ஒரே அறையில் தங்குகிற இடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று ஆறாயிற்று, ஆறு பத்தாயிற்று, அப்புறம் எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அக்கா விடவில்லை, பத்தொன்பது என்று சரியாகச் சொல்வாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பாய்லரை நிறுத்திக் கழுவுவார்கள். அந்த இருபத்தெட்டு நாள்தான் மாமாவுக்கு லீவு, அதுவும் சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்குப் போய் வருவதிலேயே கழிந்துவிடும், தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. அந்த லீவும் சொல்லிவைத்தது போல ஒவ்வொரு வருஷமும் கோடையில்தான் வரும். அப்போது சீத்தாமரத்தில் பூ இருக்கும், பிஞ்சுகூட இருக்காது. மழை பெய்து பழம் வருகிறபோது மனிதர் அங்கே தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு பாய்லருக்குத் தெரியுமா குடித்தனத்தின் அருமை?

கல்யாணமான அந்த முதல் வருஷம் மட்டும் அவர்களுக்கு ஒரு சீசன் கிடைத்தது. தினமும் சாயங்காலம் மாமா ஒரே ஒரு பழம் வாங்கிக்கொண்டு வருவார். பின்கட்டுப் படியில் இரண்டு பேரும் உட்காருவார்கள். பழத்தை விண்டு ஒரு பாதியை அக்கா கையில் வைப்பார். "நான் வாயில வைக்கற வரைக்கும் அவர் தொட மாட்டார்டி" என்று அக்கா என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஆயிரத்தோராவது தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வாள். "ஆமா, ஆமா, பெரிய அதிசயம்" என்று நானும் ஒவ்வொரு தடவையும் நொடிப்பேன்.

அவர் போன பிறகும் சீசன் வந்தால் அக்கா பழம் வாங்குவாள். விண்டு ஒரு பாதி அவள் தின்பாள். மறு பாதி மாமா பங்கு. அதைத் தட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு மாடியைப் பார்த்து என்னைக் கூப்பிடுவாள். பத்தொன்பது வருஷம் மாமா பங்கைத் தின்றது நான்தான். என் உடம்பில் இருக்கிற சதையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

அனுப்பிப் பார்க்காமலும் இல்லை. ஒரு வருஷம் விதையெல்லாம் எடுத்துவிட்டு, விழுதைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, அந்த ஆலைக்கே போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். வழியிலேயே அது புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, அந்த மனிதருடைய கல்யாணச் சட்டை உட்பட எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது. அவர் இன்றைக்கும் எங்கள் தெருப்பக்கம் வந்தால் எதிர் ஓரமாக நடந்து போகிறார். அதற்கப்புறம் அக்கா போனில்தான் பழம் காட்டுவாள். "தெரியுதாங்க? கண்ணு எப்படி விரிஞ்சிருக்கு பாருங்க" என்பாள். "கொடுத்து வச்சவ நீ" என்பார் மாமா. அவர் குரலைக் கேட்டால் பழத்தைச் சொன்னது மாதிரி இருக்காது. நான் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி மாடிக்கு ஏறிவிடுவேன்.

பழம் பொறுக்குவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பஸ் நிறுத்தத்தில் விற்கிற கூடைக்காரம்மா அவளைக் கண்டாலே கூடையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். "நீ பழம் வாங்க வரியா, பொண்ணு பார்க்க வரியா? இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கறே!" என்பாள். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த பழத்தை எடுப்பாள். சீத்தாப்பழத்தின் மேலே புடைப்பு புடைப்பாக இருக்கிறதே, அதற்குக் கண் என்று பெயர். கண்ணும் கண்ணும் நெருக்கிக்கொண்டு பச்சையாக இருந்தால் அது முற்றாத காய், பழுக்காது, வெம்பிக் கறுத்துக் கல்லாகிவிடும். கண் விரிந்து நடுவில் வெளுத்திருந்தால் மூன்று நாள். அந்த வெளுப்பு இளமஞ்சளாகியிருந்தால் மறுநாள். கையில் தூக்கினால் பார்வைக்கு மீறின கனம் இருக்க வேண்டும். காம்புப் பக்கத்தைக் கட்டைவிரலால் தொடத்தான் வேண்டும், அழுத்தக்கூடாது. நான் எத்தனை தடவை தொட்டுப் பார்த்தாலும் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவள் விரல் வேறு.

வாங்கி வந்ததும் வேலை முடிந்துவிடாது. கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணியைச் சட்டைப் பெட்டியில் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்குவாள். ஒவ்வொரு பழத்தின் காம்பிலும் ஒரு நூல் கட்டுவாள். ஒரு கிழமைக்கு ஒரு நிறம். வெள்ளிக்கு வெள்ளை, சனிக்குக் கறுப்பு, ஞாயிறுக்குச் சிவப்பு, காலண்டரில் விடுமுறைக்குப் போட்டிருக்கிற மாதிரி. அந்த நூலின் கிழமை வருகிறவரை அந்தப் பழத்தை யாரும் தொடக்கூடாது. வெள்ளை கட்டின பழம் வெள்ளிக்கிழமைதான் விண்டுகொள்ளும், வியாழன் காலையில் தொட்டால் விரைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள்கூட அவள் கணக்குப் பிசகி நான் பார்த்ததில்லை. இந்த நூல் கணக்கு உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மாமா போன பிறகுதான் அவள் கடைக்கே போக ஆரம்பித்தாள், நூலும் அப்புறம் வந்ததுதான்.

இந்த வருஷம் அந்த ஆலைக்காரர்கள் பழைய பாய்லர்களை எடுத்துவிட்டு வேறு என்னவோ வைத்தார்கள். மாமாவுக்கு வேலை முடிந்தது. ஒரேயடியாக வருகிறார். அதுவும் சீசனில்! போனை வைத்துவிட்டு அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் நாற்பத்தாறு வயதுப் பொம்பளை என்று சொல்ல முடியாது. "ஒரு பழம்டி. ஒரே ஒரு பழம் அவரோட உட்கார்ந்து பாதி பாதி சாப்பிட்டுட்டா போதும், எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நானும் கிண்டல் பண்ணவில்லை.

வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். முந்தின ஞாயிறே எட்டுப் பழம் வாங்கி, நூல் கட்டி, பெட்டியில் வைத்தாயிற்று. புதன்கிழமை அக்கா கடையிலிருந்து போன் பண்ணினாள். மாமாவுக்கு அங்கே சாவி, கருவி எல்லாம் ஒப்படைக்கிற வேலை இழுக்கிறதாம், வர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். "பழத்தை என்னடி பண்றது? எனக்கு இங்க தலைக்கு மேல வேலை" என்று அழாத குறையாகச் சொன்னாள். "நீ கவலையை விடு, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அங்கேதான் என் புத்திசாலித்தனம் தலையெடுத்தது. எட்டையும் தூக்கிக் கொண்டுபோய் என் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டேன். பழுத்த சீத்தாப்பழத்தை ஒரு நாள் ஃபிரிஜ்ஜில் வைக்கலாம், காயை வைக்கவே கூடாது. பத்தொன்பது வருஷம் தின்னத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து பார்த்தபோது எட்டும் கரிக்கட்டையாக இருந்தன. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். அவளோ ஒவ்வொன்றாக எடுத்து நூலை மட்டும் அவிழ்த்துக்கொண்டு பழத்தைக் குப்பையில் போட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் கூடைக்காரம்மா வெள்ளரிக்காய்க்கு மாறிவிட்டாள். "சீத்தாவா? அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, அடுத்த வருஷம் வா" என்றாள். புதன்கிழமை மாமா வருகிறார். செவ்வாய்க்கிழமை அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைக்கு அரைநாள் லீவு போட்டாள். இரண்டு பஸ் மாறி மொத்த வியாபாரச் சந்தைக்குப் போனோம். சந்து சந்தாக அலைந்து கடைசியில் ஒரு மண்டியில், மூலையில் கொட்டி வைத்திருந்த ஒரு குவியலைக் கண்டுபிடித்தோம். கடைசி வரத்து, நசுங்கினதும் வெம்பினதுமாக நாற்பது ஐம்பது இருக்கும். அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கம்மா, சும்மாவே தரேன். கூட்டித் தள்ளற வேலை மிச்சம்" என்றார் மண்டிக்காரர்.

"எனக்கு எல்லாம் வேணாங்க. பழுக்கறது எதுன்னு மட்டும் பார்க்கறேன்."

"அதுல பழுக்கறது இருந்தா நான் ஏன்மா இங்க கொட்டி வைக்கறேன்!"

அரைமணி நேரம் கழித்து அக்கா இரண்டு பழத்தோடு எழுந்தாள். மண்டிக்காரர் அவற்றை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்கிட்ட வேலைக்கு வந்துடறியா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் இரண்டின் காம்பிலும் சிவப்பு நூல் கட்டினாள். ஞாயிறு அவளுக்குக் கடை கிடையாது. ஞாயிறு காலையில் பின்கட்டுப் படியில் என்று முடிவாயிற்று. மாமாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்ததும் அவர் கையில் வைத்து அசத்த வேண்டுமாம்.

மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நல்ல மனிதர், இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல மனிதர். ஆனால் அந்த வீட்டில் அவர் நடமாடிய விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுக் குடித்தார். காலையில் நாலரைக்கு எழுந்து, போர்வையை நாலு மூலையும் சேர மடித்து, சத்தமே இல்லாமல் குளித்துவிட்டு, சுவரோரமாக நின்றார். சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டுபோய்ச் சமையலறைத் தொட்டியருகில் நின்றுகொண்டே ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பயணக் களைப்பு, ரெண்டு நாள் போனா சரியாயிடும்" என்றாள் அக்கா. நான் கேட்கவே இல்லை, அவளாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை நாலு மணி இருக்கும். அக்கா கடையில் இருந்தாள். நான் துணி எடுக்கக் கீழே வந்தவள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டி முன்னால் குனிந்து நின்றிருந்தார். விதை ஒவ்வொன்றாகத் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

"மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மோவாயில் வெள்ளை விழுது ஒட்டியிருந்தது. ஒரு பழத்தின் தோல் ஏற்கெனவே தொட்டியில் கிடந்தது, கையில் இருந்தது இரண்டாவது பழத்தின் கடைசி.

"பெட்டியில இருந்துச்சு... தொட்டுப் பார்த்தேன், அமுங்குச்சு. எறும்பு வந்துடும், வீணாப் போயிடுமேன்னு..." என்றார். "அங்கெல்லாம் அப்படித்தான். எது இருந்தாலும் உடனே சாப்பிட்டுடணும், இல்லேன்னா இருக்காது."

"நூல் கட்டியிருந்துச்சே, பார்க்கலியா?"

"பார்த்தேம்மா. கடையில கட்டி விக்கறாங்கபோலன்னு நெனச்சேன்." தொட்டி விளிம்பைக் காட்டினார். இரண்டு சிவப்பு நூலையும் அவிழ்த்து, அழகாகச் சுற்றி, நனையாமல் ஓரமாக வைத்திருந்தார். அக்காவின் கணக்கில் பிசகு இல்லை. சனி சாயங்காலமே தொட்டால் அமுங்கத்தான் செய்யும், ஞாயிறு காலையில்தான் இரண்டாக விண்டுகொள்ளும். அதை அவருக்கு யார் சொன்னார்கள்? சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினவளும் செய்து கொடுத்தவளும் நாங்கள்தானே.

வாய் சும்மா இருக்குமா? எட்டுப் பழம் வாங்கினதும், நான் கெடுத்ததும், சந்தைக்கு அலைந்ததும், ஞாயிறும் படியும் எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டேன். அவர் மோவாயைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றார். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அக்கா ஆறரைக்கு வந்தாள். அவரே வாசலில் நின்று சொன்னார். "உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கணும்னுகூட எனக்குத் தோணல. பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

"அதுக்கென்னங்க, பழம் சாப்பிடத்தானே இருக்கு. இனிப்பா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அக்கா பையை மாட்டினாள். பிறகு மாடிப்படி ஏறி வந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். சீசன் முடிந்துவிட்டது. அடுத்த பழத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

"பழத்துக்காக அழறேன்னு நெனக்காதே" என்றாள். "அவர் அங்க இருந்தப்போ, வந்துடுவார் வந்துடுவார்னு ஒரு நெனப்பு இருந்துச்சுடி. அதைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டிட்டேன். இப்போ வந்துட்டார். ஆனா எனக்கு இன்னும் அவர் வரலியே. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவின் பாத்திரம் ஒன்று என்னிடம் இருந்தது, கொடுக்கப் போனேன். பொய் சொல்வானேன், வேவு பார்க்கத்தான் போனேன். சாப்பாட்டு வேளை. மாமா வழக்கம் போலத் தட்டோடு தொட்டியருகில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அக்கா தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டு மூன்று கவளம் போயிருக்கும். மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏன் நின்னுக்கிட்டுச் சாப்பிடறே? நாள் முழுக்க வேலை செய்யறவ, கால் வலிக்கும். போய் உட்காரு."

"நீங்க உட்காருங்க, நானும் உட்கார்றேன்."

மாமா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சாப்பிடுகிற மேஜை இருக்கிறது.

"நான் எங்க உட்காரணும்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். அக்காவும் நானும் மேஜையைப் பார்த்தோம். இரண்டு நாற்காலி. ஒன்று அக்கா உட்காருவது. மற்றதில் காஜா எடுக்க வேண்டிய சட்டைகள் முதுகுப் பலகைக்கு மேலே வரை குவிந்து கிடந்தன. எத்தனை வருஷமாக அந்தக் குவியல் அங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, தினமும் வந்துபோகிற எனக்கும் தெரியாது. அவர் வந்து நாலு நாளாகியும் அதை எடுக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். இரண்டு கையாலும் சட்டைகளை வாரி எடுத்தாள். எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள், ஓர் இடமும் அகப்படவில்லை. அப்படியே கொண்டுவந்து என் கையில் திணித்தாள். நான் சுமந்துகொண்டு மாடிக்கு ஏறினேன். பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.